சந்தூக்கு போன வழி

786

தார்ன்லோ, இங்கிலாந்து
12 மே 2002

அன்புள்ள ஷாஹுல் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் நூருன்னிசா மதினியும் நலம்தானே? கண்ணாடிக் கடை எப்படிப் போகிறது? எனக்கு உடம்பு நலம். மனசுதான் கொதிக்கிறது. அதனால் வழக்கமான நாலு வரியை விட்டுவிட்டு இன்று நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருக்கும் ஊரைப் பற்றி நாலு வருஷத்தில் ஒழுங்காக எழுதியதே இல்லை. மலைச் சரிவில் அறுபது வீடு, எல்லாம் கல் வீடு. புல்வெளிகளுக்கு நடுவே சுண்ணாம்பு பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் மைல் கணக்காக ஓடும். ஆடு தாண்டாது, ஆள் தாண்ட அங்கங்கே கற்படி வைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் சர்ச். அதன் கோபுரக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும். திருத்தினால் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று யாரும் திருத்த மாட்டார்கள். வசந்தம் முடியும்போது ஊர் ஊற்றை அலங்கரிப்பார்கள். பெரிய பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்து ஊற்றின் தலைமாட்டில் நிறுத்துவார்கள். நானும் வருஷா வருஷம் போய் இதழ் அழுத்துகிறேன்.

இந்த ஊரில் ஒரு பாதை இருக்கிறது. மலை உச்சியில் ஏழெட்டுப் பண்ணை வீடுகள். அங்கே அடக்கம் செய்ய இடம் கிடையாது. முன்னூறு வருஷமாக அங்கே யார் இறந்தாலும் பெட்டியைத் தோளில் சுமந்து இரண்டு மைல் இறங்கி சர்ச்சுக்குக் கொண்டுவருவார்கள். தூக்குகிறவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்க வழியில் மூன்று தட்டைக் கற்கள். இப்போது பிணங்கள் காரில் போகின்றன. ஆனாலும் மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு, நம் சந்தூக்கு மாதிரி வெறும் பாடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கும். மூன்று கல்லிலும் இறக்கி வைத்து, சும்மா நின்றுவிட்டு, மறுபடி தூக்குவார்கள். நடக்காமல் விட்டால் பாதை இல்லாமல் போய்விடுமாம்.

போன வருஷம் மாடுகளுக்குக் கோமாரி வந்து நாடு முழுக்க நடைபாதைகளை மூடினார்கள். நோய் போனதும் எல்லாவற்றையும் திறந்தார்கள். இதை மட்டும் திறக்கவில்லை. பாதை போகும் வயலை வாங்கியவர் ஹார்க்ரீவ், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் முதலாளி. அங்கே விடுமுறைக்கு வருபவர்களுக்கு வீடு கட்டப் போகிறாராம். பாதையே கிடையாது, சர்க்கார் வரைபடத்தில் பாருங்கள் என்கிறார். வரைபடத்தில் இல்லைதான். ஆனால் இருபது வருஷம் ஜனங்கள் தடையில்லாமல் நடந்திருந்தால் அது ஊர்ப் பாதை என்று இங்கே சட்டம். ஆகஸ்டில் விசாரணை அதிகாரி வருகிறார். நடந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

அதில் பெரிய சாட்சி எங்கள் இல்லத்தில் இருக்கும் மிஸஸ் வின்னி. எண்பத்தாறு வயது. மலை உச்சியில் பிறந்தவர். தன் தாயின் பெட்டியோடு அந்தப் பாதையில் நடந்தவர். கால் வராது. மூளை என்னுடையதைவிடத் தெளிவு. செவ்வாய்க்கிழமை ஹார்க்ரீவ் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“தஸ், வின்னிக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு ரிஜிஸ்தர்ல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. நர்ஸ் நீ எழுதினா போதும்.”

“அவங்களுக்குத் தடுமாறலையே சார்.”

“எண்பத்தாறு வயசு. தடுமாறாம இருக்குமா? அப்புறம், உன் பெர்மிட் நவம்பர்ல முடியுது இல்லையா? புதுப்பிக்க என் கையெழுத்து வேணும்.”

சிரித்துக்கொண்டே சொன்னார், காக்கா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன இரண்டு கடிதத்திலும் நீங்கள் மையவாடிக்குப் போய்வந்ததாக எழுதவில்லை. மழை இறங்குமுன் உம்மா வாப்பா கபரில் புல் செதுக்கிவிட்டு, என் ஸமீராவுக்கும் ஒரு யாசீன் ஓதுங்கள். ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கு ஓத நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள் தங்கை,
தஸ்லீமா

*

786

தாகேதா, ரங்கூன்
9 ஜூன் 2002

அன்புத் தங்கை தஸ்லீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை எரிச்சல்.

கையெழுத்துப் போடு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரன் நடப்பதற்குப் பாதை போதவில்லை என்று நீ ஏன் கொதிக்கிறாய்? நம் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கியபோது எந்தப் பாதையில் நடக்கலாம், எதில் நடக்கக் கூடாது என்று அவர்கள்தான் இங்கே பலகை வைத்திருந்தார்கள். அந்த ஜனங்களுக்கு ஒரு பாதை போனால் பக்கத்து மலையில் இன்னொன்று இருக்கும். உனக்கு ஒரு பெர்மிட்தான் இருக்கிறது. இங்கேயிருந்து நீ எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்பது மறந்துவிட்டதா? நம்மைப் போன்றவர்களுக்குப் பாஸ்போர்ட் என்பது என்ன சாமானா, தொலைந்தால் இன்னொன்று வாங்க? சிங்கப்பூரில் மூன்று வருஷம் பிறர் வீட்டு நோயாளியைத் துடைத்துப் பிறகு கிடைத்தது அந்த வேலை.

ஒரு வரி. ஒரு கையெழுத்து. அந்தக் கிழவிக்கு ஒன்றும் ஆகாது, அவள் பாட்டுக்கு இருப்பாள். பெரியவர்கள் ஒன்றை முடிவு செய்த பிறகு சின்னவர்கள் கையெழுத்துப் போடுவது உலகத்தில் எங்கேயும் நடப்பதுதான். போடாவிட்டால் மட்டும் அந்த வேலை நின்றுவிடுமா? நாம்தான் நிற்போம், தெருவில்.

இங்கே மழை பிடித்துவிட்டது. கியாக்டடாவில் கடை வாசல் வரை தண்ணீர். பஸ் வராததால் இரண்டு நாள் பசுண்டாங் பாலத்தின் மேல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நூருன்னிசாவுக்கு மூட்டுவலி. மற்றபடி எல்லாம் நலம். நீ கேட்ட மற்ற விஷயங்களும் நலம்தான். கவலைப்படாதே.

முட்டாள்தனம் செய்யாமல் பதில் எழுது.

ஷாஹுல் ஹமீது

*

தார்ன்லோ
14 ஜூலை 2002

காக்கா,

சாச்சி மகள் நபீஸா பினாங்கிலிருந்து போன் செய்தாள். வேறு ஏதோ பேச வந்தவள், “மையவாடியை எடுத்துட்டாங்களே, மனசுக்குக் கஷ்டமா இருக்கு லாத்தா” என்றாள். எந்த மையவாடி என்று கேட்டேன். “உங்களுக்குத் தெரியாதா? பிப்ரவரியிலயே இடிச்சாச்சே. உங்க காக்காதானே கமிட்டியில கையெழுத்துப் போட்டாங்க” என்றாள்.

பிப்ரவரி. இது ஜூலை. இந்த ஐந்து மாதத்தில் எனக்கு மூன்று கடிதம் எழுதினீர்கள். மதினியின் மூட்டுவலி எழுதினீர்கள். கடை வாசலில் தண்ணீர் வந்ததை எழுதினீர்கள். எனக்குப் புத்தி சொன்னீர்கள். “நீ கேட்ட மற்ற விஷயங்களும் நலம்தான்.” அந்த வரியை எழுதும்போது உங்கள் கை எப்படி வந்தது?

உம்மாவையும் வாப்பாவையும் எடுத்துப் புது இடத்தில் வைத்துவிட்டதாக நபீஸா சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். ஸமீராவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. “காக்காகிட்டயே கேளுங்க” என்று போனை வைத்துவிட்டாள்.

கேட்கிறேன். என் பிள்ளை எங்கே?

தஸ்லீமா

*

786

தாகேதா, ரங்கூன்
4 ஆகஸ்ட் 2002

தஸ்லீமாவுக்கு,

நீ ஸலாம் சொல்லாமல் எழுதினாய். நான் சொல்லித் தொடங்குகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். பிறகு உன் இஷ்டம்.

ஜனவரிக் கடைசியில் மையவாடிக் கமிட்டிக்காரர்களான எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டார்கள் என்று எழுத மாட்டேன். ஓடைக்கரையில் இருந்த நம் மையவாடி நிலம் ஏதோ கட்டிடத்துக்கு வேண்டுமாம். மேஜையில் தாள் தயாராக இருந்தது. அதில் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதியிருந்தது. நம் தலைவர் மெதுவாகக் கேட்டார், “சயா, இதைப் பேசி முடிவெடுக்க எங்களுக்குக் கொஞ்சம் நாள் கொடுக்கலாமா?”

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிரவில்லை. “ஆட்சேபணை இருக்கா?” என்றார்.

காற்றாடிச் சத்தம் மட்டும். “இருந்தா தனித்தாளில் பேரோட எழுதிக் கொடுங்க” என்றார். பேரோடு. அதற்கு என்ன அர்த்தம் என்று ரங்கூனில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

பத்து நாள் கொடுத்தார்கள். வடக்கே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய பொட்டலில் புது இடம். எடுக்க முடிந்தவர்கள் எடுத்தார்கள். கபர் வெட்டும் அய்யூப் இடுப்பொடிய வெட்டினார். அப்பாசாமி தன் லாரியைக் கொடுத்தான். அவன் கோவிலுக்குப் போகிறவன், நம் உம்மாவின் எலும்பைத் தொடுமுன் செருப்பைக் கழற்றினான். உம்மாவையும் வாப்பாவையும் என் கையால் எடுத்துத் துணியில் கட்டினேன். நீ இல்லை. நீ அனுப்பும் கடிதங்கள் இருந்தன, நீ இல்லை.

உன் பிள்ளையின் இடம் எனக்குத் தெரியாது. கல் கிடையாது, பலகை கிடையாது. எண்பத்தெட்டு செப்டம்பரில், பட்டாளம் ஆட்சியைப் பிடித்த சமயத்தில் அடக்கியது. தெருவெல்லாம் துப்பாக்கிச் சத்தம், ஊரடங்கு. உன் புருஷன் ஜமால் ஒருத்தன்தான் தூக்கிப் போனான். அந்த மாதமே அவன் எல்லைப் பக்கம் ஓடினான், இன்றுவரை தகவல் இல்லை. அன்று குழி வெட்டியவரும் மௌத்தாகிவிட்டார். என்னால் வர முடியவில்லை, உனக்கே தெரியும். பிறகு ஓதப் போகும்போதெல்லாம் நடுவில் நின்று பொதுவாக ஓதிவிட்டு வருவேன். இப்போது யாரைக் கேட்பேன்? பத்து நாளில் நிலம் முழுவதையுமா தோண்டுவேன்?

என் மேல் கோபப்படு. எனக்கும் கோபம் இருக்கிறது. பிரோம் ரோட்டில் இருபது மைல் போனால் யுத்தத்தில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மையவாடி. ஆயிரக்கணக்கில் கல், ஒவ்வொன்றிலும் பேர், வயது. புல்லை மட்டமாக வெட்டி, ரோஜா வைத்து வளர்க்கிறார்கள். உன் மலை ஊர்க்காரன் எவனாவது அங்கே கிடந்தாலும் கிடப்பான். அவனை ஒருத்தனும் தொட மாட்டான். நாலு தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து செத்த நமக்குப் பத்து நாள். இதை யாரிடம் சொல்வது? நீ இருபது வருஷம் நடந்தால் சட்டம் என்று எழுதுகிறாய். நாங்கள் நூறு வருஷம் படுத்திருந்தோம்.

ஷாஹுல் ஹமீது

*

6 அக்டோபர் 2002

காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மேலே ஊர்ப் பெயர் எழுதவில்லை. நான் இப்போது தார்ன்லோவில் இல்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு போட நினைத்தால்கூடக் கை வந்திருக்காது. விசாரணை ஊர் மன்றத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். மிஸஸ் வின்னியைச் சக்கர நாற்காலியில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சொன்னார், “நாற்பத்தேழு மார்ச். சுவர் மட்டத்துக்குப் பனி. ஆறு பேர் தூக்கினாங்க.” ஆறு பேரின் பெயரையும், யார் எந்தப் பக்கம் தோள் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னார். முதல் கல்லைப் பனிக்குள் மண்வெட்டியால் தேடி எடுத்தார்களாம். மூன்றாவது கல்லில் அவர் தகப்பனார் உட்கார்ந்துகொண்டு, இதற்கு மேல் அவளைக் கொண்டுபோக விடமாட்டேன் என்று அழுதாராம்.

ஹார்க்ரீவின் வக்கீல் எழுந்தார். “மேடம், இன்னிக்கு என்ன தேதி சொல்ல முடியுமா?”

“இருபத்தி ரெண்டு. நேத்து இருபத்தொண்ணு, நேத்தும் நீங்க இதே டைதான் கட்டியிருந்தீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. இந்த வயதில் ஞாபகத்தை நம்ப முடியாது, இல்லத்திலேயே குறிப்பு இருக்கும் என்றார். அதிகாரி, “குறிப்பு இருக்கிறதா?” என்று கேட்டார். ஹார்க்ரீவ் என்னைப் பார்த்தார். அதே சிரிப்பு.

நான் எழுந்தேன். காக்கா, எனக்கு ஆங்கிலம் அப்படியொன்றும் வராது, கோபத்தில் இன்னும் வராது. “குறிப்பு இல்லை. எழுதச் சொன்னார்கள். என் பெர்மிட்டைச் சொல்லிப் பயமுறுத்தி எழுதச் சொன்னார்கள். இந்தம்மாவுக்கு ஞாபகம் நல்லா இருக்கு. நான் நர்ஸ், எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கமிட்டி அறையும் அந்தக் காற்றாடிச் சத்தமும்தான் காதில் கேட்டன.

மறுவாரம் வேலை போயிற்று. ஒரு மாத நோட்டீஸ், இல்லத்தில் இருந்த அறையையும் காலி செய்ய வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து கையைப் பிடித்து, நீ எவ்வளவு தைரியசாலி என்றார்கள். கேக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று பேர் வீட்டில் அறை காலியாக இருப்பது எனக்குத் தெரியும். ஒருவரும் வந்து தங்கு என்று சொல்லவில்லை. நாலு வருஷம் அவர்களோடு களிமண்ணில் பூ அழுத்தியிருக்கிறேன். அவர்கள் பாதை அவர்களுக்குப் பத்திரம், நான் பஸ் ஏறினேன். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குத் தட்டுப்பாடு. எடுத்துக்கொண்டார்கள், பெர்மிட்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். போன வாரம் தீர்ப்பு வந்தது. பாதை ஊருக்குச் சொந்தம், வேலியை எடுக்க வேண்டும். பத்திரிகையில் ஹார்க்ரீவ் பெருந்தன்மையோடு திறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறார்கள்.

இனி என் விஷயம்.

நிலத்தை எடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டதில்கூட அவ்வளவு கோபம் இல்லை. அந்த மேஜைக்கு முன்னால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ. இங்கே எனக்குப் போனது வேலை. அங்கே போவது வேறு. அது எனக்குப் புரியாதா?

நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அதுதான். யாரைக் கேட்பேன் என்று எழுதுகிறீர்கள். என்னைக் கேட்டிருக்கலாமே! நான் பெற்றவள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை, நான் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஜமால் அன்று திரும்பி வந்து, கால் மண்ணோடு என் பாயில் உட்கார்ந்து சொன்னார். வாசலில் நுழைந்து இடது பக்கம். வடக்குச் சுவரைத் தொட்டபடியே போனால் தூங்குமூஞ்சி மரம். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்று கிழக்கே நாலு எட்டு. ஜமாலின் எட்டு, அவர் உங்கள் உயரம்தான். பதினாலு வருஷமாக இது எனக்கு மனப்பாடம். பத்து நாள் இருந்ததாக எழுதினீர்கள். ஒரு போனுக்கு மூன்று நிமிஷம் போதும்.

அன்று ஜமால் உங்கள் கதவையும் தட்டினார். காக்கா வீட்டில் இல்லை என்று வந்து சொன்னார். நான் நம்பினேன். இந்தக் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்த பிறகு, அதையும் கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்கிறேன்.

தஸ்லீமா

*

786

தாகேதா, ரங்கூன்
22 டிசம்பர் 2002

என் தங்கை தஸ்லீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நவம்பர் முதல் வாரமே வந்துவிட்டது. பதில் எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் எழுதவில்லை. இப்போதும் முழுதாக வந்துவிடவில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில். நான் வீட்டில்தான் இருந்தேன்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஜமால் தட்டினான். “மச்சான், பிள்ளை மௌத்தாயிடுச்சு. கூட ஒரு ஆள் வேணும், வாங்க மச்சான்” என்றான். மூன்று தடவை சொன்னான். அன்று காலையில்தான் எங்கள் தெரு முனையில் இரண்டு பேரைச் சுட்டிருந்தார்கள். தாழ்ப்பாளில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவன் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் உள்ளே நின்றது அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிப்ரவரியில் உன்னைக் கூப்பிட்டு இடம் கேட்டால், ஏன் உங்களுக்குத் தெரியாது என்று நீ கேட்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உன் பிள்ளையை விட்டுவிட்டேன். காரணம் இவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் அங்கே போனேன். சுற்றிலும் தகர வேலி. உள்ளே மேஸ்திரி என் கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கியவர், பத்து நிமிஷம் விட்டார். வடக்குச் சுவர் இன்னும் நிற்கிறது. மரத்தை வெட்டிவிட்டார்கள், அடிக்கட்டை இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே நாலு எட்டு வைத்தேன். நாலாவது எட்டு சிமெண்ட்டில் விழுந்தது. தளம் போட்டிருக்கிறார்கள்.

“இது எப்பப் போட்டது?” என்று கேட்டேன்.

“செப்டம்பர்ல. அதுவரைக்கும் இந்தப் பக்கம் சும்மா மண்ணாத்தானே கிடந்தது” என்றார்.

நீ மே மாதம் எழுதினாய். ஜூனில் நான் எல்லாம் நலம் என்று எழுதினேன். அப்போது அங்கே வெறும் மண்தான் இருந்திருக்கிறது. நான் உன்னைக் கேட்டிருந்தால் போதும். மண்வெட்டியோடு அய்யூப் வந்திருப்பார். நடுத்தெருவில் நின்று என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. பிறகு கோபம் வந்தது. என் மேல் வந்த கோபம், அந்தத் தாள் மேலும் போனது. ஆட்சேபணை இல்லையாம்! எனக்கு இருந்தது. அன்றே இருந்தது.

அன்றிலிருந்து வீடு வீடாகப் போனேன். எடுக்காமல் விட்டுப்போனவர்கள் யார் யார் என்று கேட்டேன். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சில வீட்டில் உட்காரச் சொல்லி அழுதார்கள். அறுபத்து மூன்று பேர் சேர்ந்தது. பேர், தகப்பன் பேர், தெரிந்தவரை வருஷம். அதன் கீழே, கமிட்டி உறுப்பினராக நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், எனக்கு ஆட்சேபணை உண்டு, இவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று பர்மிய மொழியில் எழுதினேன். அவர்கள் அன்று சொன்னபடியே, தனித்தாளில், பேரோடு.

ஆபீஸில் வாங்கவில்லை. “முடிஞ்சுபோன விஷயம், எடுத்துட்டுப் போங்க” என்றார்கள். மறுநாளும் போனேன். நாலு நாள் போனேன். நாலாம் நாள் கவுண்டரில் ஒரு நடுவயது அம்மாள். தாளை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். ஒரு பேரில் விரலை வைத்து, “இது என்ன, வயசு ஒன்பது நாளா?” என்றார்.

“ஆமா. என் தங்கச்சி மக. ஸமீரா.”

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தி, நகலை என்னிடம் தள்ளினார். அந்த நகலை இதோடு அனுப்புகிறேன். அதனால் நிலம் வராது. பேர் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வாரமே கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் கடைக்கு வந்து, யார் தூண்டி எழுதினாய் என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போனார்கள். யாரும் தூண்டவில்லை என்றேன். அது உண்மையில்லை, நீதான் தூண்டினாய்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நேரே அங்கே போனேன். விட்டுப்போன வீடுகளிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். என்னோடு பதினொன்று. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டம் இருப்பது உனக்குத் தெரியும். இமாமைக் கூப்பிட்டேன், முடியாது என்றுவிட்டார். அதனால் நானே முன்னால் நின்றேன். தகர வேலிக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில், வேலியைப் பார்த்து இரண்டு வரிசை.

கூட்டத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். சின்ன வயசுதான்.

“என்ன கூட்டம் இது?”

“ஜனாஸாத் தொழுகை. இறந்தவங்களுக்காகத் தொழுறது” என்றேன்.

அவன் முன்னும் பின்னும் பார்த்தான். “பிணம் எங்கே?”

“உள்ள இருக்கு” என்று தகரத்தைக் காட்டினேன்.

அவன் சைக்கிள் பக்கம் போய் நின்றுகொண்டான். அந்தத் தொழுகைக்குக் குனிவதும் இல்லை, விழுவதும் இல்லை, நின்றேதான் தொழ வேண்டும். நின்றோம். பதினாலு வருஷம் முன்னால் உன் பிள்ளைக்காக நான் தொழாமல் விட்டதை, அவள் பேரைச் சொல்லி மனதில் நிய்யத்து வைத்து, அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீரைச் சொன்னேன்.

ஷாஹுல்